உட்பட்டவன் இவன், உட்படுத்தியவன் எங்கே?

மதுரை மாநகரக் காவல் ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். ‘17 வயது சிறுவன் உட்பட மூவர் கைது’ என்ற செய்தியைக் காலைப் பேப்பரில் பார்க்கும்போதெல்லாம் ‘உட்பட’ என்ற சொல்லில் என் கண் நின்றுவிடுகிறது. சென்ற ஆண்டு ஓய்வுபெற்ற தமிழாசிரியன் நான், தொழில் வியாதி. உட்பட்டான் என்பது தன்வினை, உட்படுத்தினான் என்பது பிறவினை. செய்தியில் பிறவினையைக் காணவில்லை.

என்னிடம் ஒன்பதாம் வகுப்பு படித்தவன் ஒருவன். அப்பா கீழமாசி வீதியில் மூட்டை தூக்குபவர். ‘அண்ணன்’ ஒருவர் இரவில் இவனுக்கு பரோட்டா வாங்கிக் கொடுத்தார், வண்டி ஓட்டக் கொடுத்தார். பிறகு தம்முடைய பிறந்தநாள் ஃபிளெக்ஸ் போர்டின் கடைசி வரிசையில் தபால்தலை அளவுக்கு இவன் முகத்தையும் போட்டார். என்னைக் கூட்டிப்போய், “ஐயா, அது நான்தான்” என்று காட்டினான். பள்ளி அறிவிப்புப் பலகையில்கூட ஒருநாளும் அவன் படம் வந்ததில்லை. “நன்றாக இருக்கிறது” என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

முதலில் சிகரெட் வாங்கி வரச் சொன்னார்கள். அப்புறம் மாட்டுத்தாவணியில் ஒருவனிடம் பொட்டலம் கொடுக்கச் சொன்னார்கள். ஒருநாள், “அந்த ஆள் வீட்டில் இருக்கிறானா, பார்த்துவிட்டு வா” என்றார்கள். பார்த்துவிட்டு வந்தான். அன்றிரவு அந்த வாசலில் அரிவாள் வெட்டு. இவன் இப்போது கூர்நோக்கு இல்லத்தில் இருக்கிறான்.

“உனக்குப் பதினெட்டு ஆகவில்லை, ஒன்றும் ஆகாது, வக்கீலை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்பதுதான் அண்ணன் கொடுத்த வாக்கு. பதினாறு நிரம்பியவன் கொடுங்குற்றத்தில் சிக்கினால் பெரியவர்களைப் போலவே விசாரிக்கவும் சட்டத்தில் வழி உண்டு. அதை அவர் ஏன் சொல்லப்போகிறார்?

அவருக்கும் சட்டம் இருக்கிறது. சிறாரைக் குற்றத்துக்குப் பயன்படுத்துகிறவருக்கு 7 ஆண்டு வரை கடுங்காவலும் 5 லட்சம் ரூபாய் அபராதமும் என்கிறது 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 83-ஆவது பிரிவு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 95-ஆவது பிரிவில் 3 முதல் 10 ஆண்டு வரை சிறை. குற்றம் நடந்துவிட்டால் அதைத் தானே செய்தவராகவே அவரைக் கருதித் தண்டிக்கலாம். பையனின் அப்பா முதல் தகவல் அறிக்கையைக் கொண்டுவந்து காட்டினார். இரண்டு பிரிவுகளும் அதில் இல்லை, அண்ணன் பெயரும் இல்லை.

பையன் வாயைத் திறக்க மாட்டான். திறந்தால் வீட்டுக்கு ஆள் வரும். அதனால் அவன் வாக்குமூலத்தை மட்டும் நம்பாதீர்கள். செல்போன் அழைப்புகள், ஜிபே வரவு, வண்டி யார் பெயரில் இருக்கிறது என்ற விவரம், எல்லாம் உங்கள் கைக்கு எட்டுகிறவைதாம்.

எங்கள் தெருமுனையில் நேற்று ஒரு புது போர்டு கட்டியிருக்கிறார்கள். மாநகராட்சி கழற்றும் முன் ஓர் ஆளை அனுப்புங்கள், சீருடை வேண்டாம். மேலே ஆளுயரத்தில் கைகூப்பி நிற்பவரைப் பற்றி விசாரிக்கட்டும். கீழ் வரிசையில் பதினொரு முகங்கள் இருக்கின்றன. அதில் நான்கு பேருக்கு நான் பாடம் நடத்தியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
வில்லாபுரம், மதுரை.