அந்த ஆர்பெஜியோ தாளைத் திருத்துங்கள்: இசைப்பள்ளிக்கு ஒரு திறந்த மடல்

உகுலேலே பாடத்திட்டத்தைக் கவனிக்கும் பொறுப்பாளர்களுக்கு, வணக்கம்.

போன வாரத் தேர்வில் என் மகளுக்கு "ஸ்வரங்கள் ஏறுவரிசையில் இல்லை" என்று எழுதி மதிப்பெண்ணைக் குறைத்திருக்கிறீர்கள். அவள் வாசித்தது நீங்கள் கொடுத்த தாளில் இருக்கும் அதே ஏ மைனர் ஆர்பெஜியோதான், அதாவது அந்தக் கார்டின் ஸ்வரங்களை ஒவ்வொன்றாக வாசிப்பது. உகுலேலேயின் நான்கு தந்திகளில் ஜி தந்தியில் இரண்டாவது ஃப்ரெட் (விரல் அழுத்தும் கட்டம்), அப்புறம் சி, ஈ, ஏ மூன்றும் ஓப்பன், அதாவது அழுத்தாமல். ஆனால் அந்தத் தாள் மற்ற மூன்றையும்விடக் கீழே ஒலிக்கும் லோ ஜி தந்திக்கு எழுதியது, அவளிடம் இருப்பதோ வகுப்பில் சேரும்போது நீங்களே வாங்கச் சொன்ன, ஜி ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும் ஹை ஜி சோப்ரானோ என்ற சிறிய உகுலேலே. ஹை ஜி-யில் அந்த இரண்டாவது ஃப்ரெட்டும் ஓப்பன் ஏ தந்தியும் ஒரே ஸ்வரம், ஒரே ஸ்தாயி. மேலே தொடங்கி, சி-க்கு இறங்கி, ஏறி, புறப்பட்ட ஏ-யிலேயே வந்து நிற்கும். வேறு எப்படிக் கேட்கும்?

இதை அவள் முன்பே கண்டுபிடித்துவிட்டாள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. பாட்டு வகுப்புக்கும் போகிற பிள்ளை, சாதாரண காந்தாரம் (மைனரில் வரும் க) வைத்து ச-க-ப-ச பாடினால் எப்படி ஏறும் என்று அவளுக்குத் தெரியும். "இது ஏறவே இல்லம்மா" என்று சொல்லிச் சொல்லி, விரல்தான் தப்பு என்று நினைத்து, நுனி சிவக்கச் சிவக்க அழுத்திப் பழகினாள். தேர்வில் "மறுபடி, ஏறுவரிசையில்" என்றதும் அதையேதான் வாசித்தாள், வேறெதுவும் அவளுக்குச் சொல்லித்தரவில்லையே. இப்போது தன் காதையே சந்தேகப்படுகிறாள். அவள் காது சரி. தாள்தான் தப்பு.

தயவுசெய்து ஒவ்வொரு தாளிலும் அது ஹை ஜி-க்கா லோ ஜி-க்கா என்று அச்சிடுங்கள். ஹை ஜி பிள்ளைகளுக்குத் தனித் தாள் கொடுங்கள். பெரிய வேலை இல்லை. சி மைனரில் தொடங்கலாம்: சி தந்தி ஓப்பன், அதிலேயே மூன்றாவது ஃப்ரெட், பிறகு ஈ-யிலும் ஏ-யிலும் மூன்றாவது ஃப்ரெட். ஜி தந்தியைத் தொடவே வேண்டாம், அழகாக ஏறும். டி மைனரும் அப்படித்தான். ஏ மைனரே வேண்டுமென்றால் ஏ தந்தி ஒன்றிலேயே ஓப்பன், 3, 7, 12 என்று போகலாம், கை நகர்த்தவும் பழகும்.

கிட்டாரின் கீழ் ஸ்தாயித் தந்திகள் இரண்டை விட்டுவிட்டு ஐந்தாவது ஃப்ரெட்டில் கேப்போ (தந்திகளைச் சேர்த்து அழுத்தும் கிளிப்) போட்டால் வருவது லோ ஜி டியூனிங். உங்கள் தாள் அங்கிருந்து வந்தது என்றே நினைக்கிறேன். 1879-இல் போர்ச்சுகலின் மதீரா தீவிலிருந்து ஹவாய்க்குப் போனவர்கள் கொண்டுசென்ற சிறு வாத்தியங்களிலிருந்து பிறந்தது உகுலேலே, ஹை ஜி அதன் சொந்தக் குரல். அதைக் கிட்டாருக்கு முந்தைய படியாக மட்டும் நடத்துவது எனக்குக் கோபத்தைத் தருகிறது. மாதக்கணக்கில் மேஜர் கார்டுகளை ஸ்ட்ரம் செய்ய மட்டும் வைத்துவிட்டு, தேர்வு நெருங்கும்போது மைனர் ஆர்பெஜியோவைக் கையில் திணிப்பதும் அதனால்தான். உகுலேலேவுக்கு என்று கட்டணம் கட்டுகிறோம், உகுலேலேவைச் சொல்லிக்கொடுங்கள்.

குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண்ணைக் கூட்டச் சொல்லவில்லை. அடுத்த பருவம் தொடங்கும் முன் தாளைத் திருத்துங்கள், எந்த டியூனிங் என்று அச்சிடுங்கள். அவள் தேர்வுக் குறிப்பிலிருந்து அந்த ஒரு வரியையும் நீக்கிவிட்டு, தாளில்தான் பிழை என்று ஆசிரியர் அவளிடம் நேரில் சொல்ல வேண்டும். அதைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் அம்மா