குருவிக்கூடு கிராப்பும் டேப் சுற்றிய பூட்ஸும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பெசன்ட் நகர் கடற்கரையில் ராப் பாடும் பையன்களைப் போலீஸை வைத்து விரட்டச் சொல்லி, சென்ற இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். ‘நியூயார்க் சரக்கு நமக்கு எதற்கு?’ என்பது அவர் கேள்வி. இதே மாதிரி நானும் ஒருமுறை கேட்டேன், டோக்கியோவில்.

வேலைக்காக மூன்று வருடம் நிஷி-கசாயில் இருந்தேன் (நம்மவர்கள் நிறைந்த இடம், தோசைக்குப் பஞ்சமில்லை). ஒரு ஞாயிறு ஹராஜுகு ஸ்டேஷனில் இறங்கி யோயோகி பூங்காவுக்குப் போனால், வாசலிலேயே ஒரு கும்பல். கறுப்புத் தோல் ஜாக்கெட், எண்ணெய் வழிய ஏற்றி வாரிய குருவிக்கூடு கிராப்பு. அங்கே அதற்கு ‘ரீஜென்ட்’ என்று பெயர். 1950களின் அமெரிக்க ராக் அண்ட் ரோலுக்கு ஆடிக்கொண்டிருந்தார்கள். எல்விஸ் பிரெஸ்லி ஜப்பானில் ஒரு கச்சேரிகூடச் செய்ததில்லை!

பாட்டு முடிந்ததும் ஒருவர் ஓரமாக உட்கார்ந்தார். ஐம்பது வயதிருக்கும். தரையில் தேய்த்துத் தேய்த்து ஆடியதில் பூட்ஸ் வாய் பிளந்திருந்தது. பழைய டேப்பைப் பிய்த்துவிட்டுப் புதிதாகச் சுற்றினார், சீப்பை எடுத்து இரண்டு இழுப்பு இழுத்தார், மறுபடி ஆட்டம். “இவருக்கு எதுக்கு இந்த வேஷம்?” என்றேன் கூட வந்த ஆபீஸ் நண்பரிடம். “நான் ஸ்கூல் படிக்கும்போதே இவர் இங்கே ஆடிட்டிருந்தார்” என்றார் அவர். அப்புறம் நான் வாயைத் திறக்கவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கே தங்கிய அமெரிக்கப் படையோடு வந்த பாட்டு. 1972இல் தொடங்கிய ‘கேரல்’ என்ற ஜப்பானிய ராக் குழு மூன்றே வருடத்தில் கலைந்துவிட்டது. அவர்களுடைய தோல் ஜாக்கெட்டும் கிராப்பும் தங்கிவிட்டன.

நான் பெரம்பூர்க்காரன். சிறுவயதில் டிசம்பர் வந்தால் ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் அமெரிக்கப் பாடகர் ஜிம் ரீவ்ஸ் பாட்டுதான். அந்தத் தெருவில் மட்டும் அப்பா சைக்கிளை மெதுவாக மிதிப்பார். இவ்வளவு ஏன், சபாவில் நாம் தலையாட்டிக் கேட்கும் வயலினும் முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் மணலியில் இருந்த காலத்தில் வெள்ளைக்காரரிடம் கற்றுக்கொண்டதுதானே.

ஸ்பீக்கர் சத்தம் அதிகம் என்று அந்த வாசகர் சொல்வது நியாயம். குறைக்கச் சொல்லலாம். விரட்டச் சொல்லுமுன் ஒரு சாயங்காலம் நின்று கேட்கட்டும். போன வாரம் நான் கேட்டபோது ஒரு பையன் குடத்தோடு தண்ணி லாரிக்குக் காத்திருப்பதைப் பற்றிப் பாடிக்கொண்டிருந்தான். நியூயார்க்கில் ஏது தண்ணி லாரி?

ஒரு வாசகர்,
பெரம்பூர், சென்னை - 11