பம்பருக்குப் பணம், முழங்காலுக்குப் படிவம்

அந்தக் காருக்குக் காப்புறுதி வழங்கிய நிறுவனத்தின் நட்டஈட்டுப் பிரிவு முகாமையாளருக்கு,

மதிப்புக்குரிய ஐயா,

கொடிகாமத்தில் ஏ-9 வீதியில் உங்கள் வாடிக்கையாளரின் கார் என் அப்பாவின் சைக்கிளில் மோதிய விபரம் உங்கள் கோப்பில் இருக்கிறது. பொலிஸ் முறைப்பாடும் சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கையும் அதே கோப்பில்தான். சாரதி நீதவான் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டமும் கட்டிவிட்டார். ஆகவே யார் பிழை என்ற கதைக்கு நான் வரவில்லை. போன கிழமை வந்த உங்கள் கடிதத்துக்காகவே இதை எழுதுகிறேன். சம்பளப் பத்திரமும் தொழில்தருநரின் கடிதமும் இல்லாமல் வருமான இழப்பைப் பரிசீலிக்க முடியாது என்கிறீர்கள்.

ஐயா, அப்பா பனை சீவுகிறவர். அவருக்குச் சம்பளப் பத்திரம் யார் கொடுப்பது, பனையா?

அவரிடம் இருப்பது கூட்டுறவுச் சங்கத்தில் கள்ளு அளந்து கொடுத்த கொப்பி. எந்தத் திகதியில் எத்தனை லீற்றர், கையில் வந்த காசு எவ்வளவு என்று பக்கத்துக்குப் பக்கம் சங்கத்தின் கையொப்பத்தோடு இருக்கிறது. அதன் பிரதியை முன்னமே அனுப்பினோம். 'ஏற்புடைய ஆவணமல்ல' என்று திருப்பிவிட்டீர்கள்.

பனை ஏறுவதை நீங்கள் கிட்ட நின்று பார்த்திருக்கமாட்டீர்கள். இரண்டு பாதத்தையும் தளநார் என்ற நார் வளையத்தில் மாட்டி, முழங்கால்களை வெளிப்பக்கமாக மடித்து, உள்ளங்காலால் மரத்தை அழுத்தி உந்தினால்தான் உடம்பு மேலே போகும். அப்பாவின் வலது காலில் முழங்காலுக்குக் கீழே தகடு வைத்திருக்கிறார்கள். கால் பாதிதான் மடிகிறது. கிணற்றடியில் குந்தியிருக்கவே முடியாதவர் பனையில் எப்படி ஏறுவார்? காலையும் பின்னேரமும் சீவாவிட்டால் பாளை பழுதாகிவிடும் என்பதால், தை மாதமே ஆயத்தப்படுத்திய மரங்களை வேறொருவரிடம் விட்டுக்கொடுத்தார். இப்போது திண்ணையிலிருந்து மற்றவர்களின் பாளைக்கத்திகளைத் தீட்டிக் கொடுக்கிறார். அந்தக் காசு தேத்தண்ணிச் செலவுக்குத்தான் காணும்.

உங்கள் வைத்தியர் 'நடமாடக்கூடியவர்' என்று எழுதியிருக்கிறார். உண்மைதான். நடமாடுகிறார், தரையில்.

அதே விபத்தில் காரின் பம்பரும் நெளிந்தது. உங்கள் ஆள் வந்து படமெடுத்தார், அந்த இடத்திலேயே காசு ஒழுங்காகிவிட்டது என்று உரிமையாளரே சொன்னார். பம்பரிடம் யாரும் சம்பளப் பத்திரம் கேட்கவில்லை. மூன்றாம் தரப்புக் காப்புறுதியாவது இல்லாமல் எந்த வாகனமும் வீதிக்கு வரக்கூடாது என்று 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் விதித்தது பம்பரை நினைத்து அல்ல, அடிபடுகிறவனை நினைத்து.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். சங்கக் கொப்பியை வருமானச் சான்றாக ஏற்று, தரப்போவது எவ்வளவு என்று எழுத்தில் சொல்லுங்கள். தரமாட்டோம் என்றாலும் எழுத்தில் சொல்லுங்கள். இப்படியான காயத்துக்கு நட்டஈடு கேட்டு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட 2 வருடம்தான் அவகாசம். 'பரிசீலனையில் உள்ளது' என்று நீங்கள் இழுக்க இழுக்க யாருக்கு இலாபம் என்பது சீவல் தொழிலாளிக்கும் விளங்கும்.

இன்னொன்று. 'உங்கள் குடும்பத்தில் ஒருவர் நாங்கள்' என்று வீதியோரம் நீங்கள் வைத்திருக்கும் விளம்பரப் பலகை நல்ல தமிழில் இருக்கிறது. எங்களுக்கு வரும் கடிதம் மட்டும் ஆங்கிலத்தில். காப்புறுதி விற்கும்போது தெரிந்த தமிழ், காசு கொடுக்கும்போது மறந்துபோகிறது போலும். எங்கள் ஊரில் ஆங்கிலக் கடிதத்தை வாசித்துச் சொல்லவும் ஆளுக்குக் காசு கொடுக்கவேண்டும். அந்தச் செலவுக்கும் சம்பளப் பத்திரம் கேட்பீர்களோ தெரியாது.

சரி, அது கிடக்கட்டும். தயவுசெய்து அந்தக் கொப்பியை ஏற்றுக்கொள்ளுங்கள். மூலப் பிரதியைப் பார்க்கவேண்டுமென்றால் யாழ்ப்பாணக் கிளைக்கு நானே கொண்டுவந்து காட்டுகிறேன். அப்பாவைப் படியேற வைக்காமல், கீழ்த்தளத்தில் ஓர் அதிகாரியை ஒழுங்குசெய்து, இந்த மாத முடிவுக்குள் ஒரு திகதி தந்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் கோப்பில் 'மூன்றாம் தரப்பு' எனக் குறிக்கப்பட்டிருப்பவரின் மகள்,
கொடிகாமம்.