கோடிங் விதிகளை எழுதி வையுங்கள்

ஆசிரியருக்கு,

மருத்துவமனை பில்லில் குளறுபடி என்றால் டாக்டரையோ இன்சூரன்ஸையோதான் எல்லோரும் திட்டுகிறார்கள், நடுவில் எங்களைப் போன்ற கோடர்கள் இருப்பது பலருக்குத் தெரியாது. டாக்டர் எழுதிய டிஸ்சார்ஜ் சம்மரியையும் கேஸ் ஷீட்டையும் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி வகைப்பாட்டில் உள்ள குறியீட்டைப் போடுவது எங்கள் வேலை. க்ளெய்ம் அதை வைத்துத்தான் போகிறது, நோய்ப் புள்ளிவிவரமும் அதிலிருந்துதான் வருகிறது.

குறியீடு போடுவதற்குத்தான் எல்லோருக்குமான பொது விதிகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். இருக்கின்றன, ஆனால் எல்லாவற்றுக்கும் விடை அதில் கிடைக்காது. நிமோனியாவுக்குச் சேர்ந்தவருக்குப் பத்து வருஷத்துக்கு முன்னால் நடந்த ஆபரேஷனையும் சேர்த்துக் குறிக்க வேண்டுமா, டாக்டர் ஒரு பக்கத்தில் செப்சிஸ் (தொற்று முற்றி உயிருக்கே ஆபத்தாகும் நிலை) என்றும் இன்னொரு பக்கத்தில் வெறும் தொற்று என்றும் எழுதியிருந்தால் யாரிடம் கேட்பது, பதில் வரும்வரை எத்தனை நாள் ஃபைலை நிறுத்தி வைப்பது, இதையெல்லாம் அந்தந்த மருத்துவமனைதான் முடிவு செய்ய வேண்டும். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் இதற்கென்று ஒரு தாள்கூடக் கிடையாது. சீனியர் சொன்னதுதான் விதி, அவர் லீவு போட்டால் அடுத்தவர் சொல்வது விதி. ஒரே மாதிரியான இரண்டு கேஸ்கள் இரண்டு பேரிடம் போய் இரண்டு விதமாக வெளியே வந்தன, ஆடிட்டில் கேட்டபோது யாரிடமும் பதில் இல்லை.

செப்சிஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 2016இல் அதற்குப் புதிய வரையறை வந்தது, இன்றும் சில டாக்டர்கள் பழையதையே பின்பற்றுகிறார்கள். எது சரி என்று கோடர் தீர்ப்பு சொல்ல முடியாது, டாக்டர்கள் உட்கார்ந்து பேசி ஒன்றை ஏற்க வேண்டும், எந்தச் சூழ்நிலையில் நாங்கள் திரும்பக் கேட்க வேண்டும் என்பதையும் அப்போதே எழுதிவிட வேண்டும். கேட்கும் விதமும் முக்கியம். "செப்சிஸ் என்று போட்டுவிடலாமா டாக்டர்?" என்று கேட்டால் பதிலை நாமே வாயில் திணிக்கிறோம். பரிசோதனை முடிவுகளைக் காட்டி உங்கள் டயக்னோசிஸ் என்ன என்றுதான் கேட்க வேண்டும்.

அப்புறம், இந்த விதிகளை பில்லிங் பிரிவு மட்டும் எழுதக் கூடாது. ரத்தத்தில் சோடியம் குறைவாக இருந்தால் டாக்டர் எழுதாவிட்டாலும் ஒரு நோயாகக் குறித்துவிடுங்கள் என்று வாய்மொழியாகச் சொல்வார்கள். அது தவறு. ஆபரேஷனுக்குப் பின் வந்த சிக்கலை விட்டுவிடச் சொல்வதும் அதே அளவு தவறுதான், நோயாளியின் ரெக்கார்டே பொய்யாகிவிடும். பொது விதிக்கு முரணாக மருத்துவமனையின் உள்விதி இருக்கவே கூடாது.

ஐசிடியின் புதிய பதிப்பான ஐசிடி-11 நடைமுறைக்கு வந்தது 2022 ஜனவரி 1. அமெரிக்காவில் இன்னும் ஐசிடி-10தான், அங்கே ஒவ்வொரு அக்டோபர் 1 அன்றும் குறியீடுகள் மாறுகின்றன. அதனால் உள்விதியையும் வருஷத்துக்கு ஒரு முறையாவது பார்த்துத் திருத்தி, தேதி போட்டு வையுங்கள். பழைய பதிப்பைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள், இரண்டு வருஷத்துக்கு முந்தைய கேஸ் ஆடிட்டுக்கு வரும்போது அன்றைக்கு என்ன விதி இருந்தது என்றுதான் முதலில் கேட்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு மருத்துவக் கோடர்