செப்புக் குடமும் பிள்ளையின் வயதும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இரவில் செப்புக் குடத்தில் ஊற்றி வைத்த தண்ணீரைக் காலையில் வெறும் வயிற்றில் குடித்தால் கிடைக்கும் நன்மைகள் பற்றித் தங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த குறிப்பைப் படித்தோம். நல்ல உடம்புக்காரர்களுக்கு அதனால் பொதுவாகக் கெடுதல் வருவதில்லை. தேவைக்கு மிஞ்சிய செம்பைக் கல்லீரல் பித்தநீரில் கலந்து மலத்தோடு வெளியே தள்ளிவிடும். அந்த வழி பிறவியிலேயே அடைபட்ட பிள்ளைகளும் அதே குடத்துத் தண்ணீரைக் குடிக்கிறார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறோம்.

இந்தக் குறைக்கு வில்சன் நோய் என்று பெயர். லண்டனில் பணியாற்றிய நரம்பியல் மருத்துவர் கின்னியர் வில்சன் 1912இல் இதை விவரித்தார். 13ஆவது குரோமோசோமில் உள்ள, இதற்குக் காரணமான ஏடிபி7பி மரபணு 1993இல் கண்டறியப்பட்டது. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகளும் பழுதாக இருந்தால்தான் நோய் வரும். "பரம்பரை நோயென்றால் பிறந்தபோதே தெரிந்திருக்குமே?" என்று பெற்றோர் கேட்பது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் பிள்ளையின் வயதில் இருக்கிறது.

செம்பு முதலில் தங்கும் இடம் கல்லீரல். அது நிறைவதற்கே வருடங்கள் ஆகும். ஆகவே 3 வயதுக்குள் அறிகுறி தென்படுவது மிக அரிது. 5 வயதிலிருந்து 15 வயதுக்குள் தெரியவந்தால் பெரும்பாலும் கல்லீரல் கோளாறாகத்தான் இருக்கும். காமாலை, வயிறு உப்புதல், கால் வீக்கம், அல்லது வேறு எதற்கோ எடுத்த ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் என்சைம்கள் கூடியிருத்தல். நம் ஊரில் காமாலை என்றதும் கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிறோம். சில வாரங்களில் மஞ்சள் இறங்கிவிடுகிறது, எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். உள்ளே செம்பு ஏறிக்கொண்டேதான் இருக்கும். காமாலை இரண்டாம் முறை வந்தாலோ, கூடவே ரத்த அணுக்கள் சிதைந்து ஹீமோகுளோபின் மளமளவென்று இறங்கினாலோ ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. கல்லீரல் அடியோடு செயலிழக்கும் கட்டமாக அது இருக்கலாம். அப்படியானால் பெரும்பாலும் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சைதான் காப்பாற்றும்.

கல்லீரலில் இடம் தீர்ந்த பிறகு செம்பு ரத்தத்தில் வழிந்து மூளைக்கும் கண்ணுக்கும் போகிறது. அதற்குள் பிள்ளை பதின்வயதின் பிற்பகுதிக்கோ இருபதுகளுக்கோ வந்திருக்கும். மூளையின் ஆழத்தில் அசைவுகளைச் சீர்செய்யும் பகுதிகள்தான் முதலில் கெடுகின்றன. நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தாலே தெரியும். ஜூன் மாதத்தில் குண்டு குண்டாக இருந்த எழுத்து, டிசம்பரில் கோட்டை விட்டு இறங்கி, நடுங்கி, வரியின் முடிவில் சுருங்கிப் போயிருக்கும். பேச்சு குழறும். வாயோரம் எச்சில் வடிந்து சட்டைக் கழுத்து நனைந்திருக்கும். சிலருக்கு இவை எல்லாவற்றுக்கும் முன்பே காரணமில்லாத கோபம், அழுகை, படிப்பில் சரிவு. அதைத் திமிர் என்றும் காதல் விவகாரம் என்றும் காத்துக் கருப்பு என்றும் சொல்லி ஓரிரு வருடங்களைத் தொலைத்துவிட்டு வருபவர்கள் உண்டு. மனநோய்க்கான சில மாத்திரைகள் இவர்களின் உடம்பை மேலும் விறைக்க வைக்கும் என்பதையும் சொல்ல வேண்டும்.

இப்படி வயதுக்கேற்ப ஒரே நோய் குழந்தை மருத்துவர், நரம்பியல் மருத்துவர், மனநல மருத்துவர் என்று மூன்று வாசல்களில் போய் நிற்கிறது. ஒரே மரபணுப் பழுதுள்ள அண்ணனுக்கு நடுக்கமும் தங்கைக்குக் காமாலையுமாக வருவதும் நடக்கிறது. பரம்பரையாக வரும் இன்னொரு மூளை நோயான ஹண்டிங்டன் நோயில் கதை வேறு. அங்கே மரபணுவில் மூன்றெழுத்துத் துண்டு ஒன்று எத்தனை முறை திரும்ப வருகிறது என்பது தொடங்கும் வயதைப் பெரிதும் தீர்மானிக்கிறது. 40 முறைக்குச் சற்று மேல் என்றால் பெரும்பாலும் நடுவயதில், 60 முறைக்கு மேல் என்றால் 20 வயதுக்கு முன்பே. அந்த நோயை நிறுத்த இன்னும் மருந்தில்லை. வில்சன் நோய்க்கு 1956 முதல், செம்பைச் சிறுநீரில் வெளியேற்றும் பெனிசிலமைன் என்ற மருந்து இருக்கிறது. மருந்து இருந்தும் ஒரு பிள்ளை முடங்கிப் போவதைத்தான் எங்களால் தாங்க முடியவில்லை.

பரிசோதனைகள் எளியவை, ஆனால் தவறாகப் படிக்கப்படுபவை. ரத்தத்தில் மொத்தச் செம்பு குறைவாக இருந்தால் "செம்பே குறைவுதான், இந்த நோய் இல்லை" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ரத்தத்தில் செம்பைச் சுமக்கும் செருலோபிளாஸ்மின் என்ற புரதம் இந்த நோயில் குறைவதால் மொத்த அளவும் குறைந்தே காட்டும். செருலோபிளாஸ்மின் 100 மி.லி. ரத்தத்தில் 20 மி.கி.க்குக் கீழே இருந்தால் சந்தேகப்பட வேண்டும்; காய்ச்சலிலும் கர்ப்பத்திலும் அது கூடிவிடும், கைக்குழந்தைகளுக்கு இயல்பாகவே குறைவு. 24 மணி நேரச் சிறுநீரில் செம்பு 100 மைக்ரோகிராமைத் தாண்டினால் சந்தேகம் வலுக்கும். சிறுவர்களுக்கு 40ஐத் தாண்டினாலே விடக்கூடாது. காலை 6 மணிச் சிறுநீரைக் கொட்டிவிட்டு, அதன் பின் போவது அத்தனையையும் மறுநாள் 6 மணிச் சிறுநீர் வரை ஆய்வகம் தரும் கேனிலேயே பிடிக்க வேண்டும். ஒரு தடவை விட்டுப்போனாலும் கணக்கு தப்பும். கருவிழியின் விளிம்பில் முதலில் மேலே, பிறகு கீழே, கடைசியில் சுற்றிலும் பச்சை கலந்த பழுப்பு வளையம் படியும். நம்மவர்களின் கறுத்த கண்ணில் அது வெறும் பார்வைக்குப் பிடிபடாது. கண் மருத்துவரிடம் உள்ள ஸ்லிட் லேம்ப் என்ற கருவியை வைத்துத்தான் பார்க்க வேண்டும். நடுக்கம் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு வளையம் இருக்கும். கல்லீரல் நோயோடு வரும் சிறுவர்களில் பலருக்கு இராது. வளையம் இல்லை என்று அவர்களைத் திருப்பி அனுப்புவது பெருந்தவறு.

பெனிசிலமைனை நாளுக்கு 125 அல்லது 250 மி.கி.யில் தொடங்கி மெல்ல மெல்லத்தான் ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் நடுக்கமும் விறைப்பும் கூடும். சாப்பாட்டுக்கு 1 மணி நேரம் முன்போ 2 மணி நேரம் கழித்தோ எடுக்க வேண்டும், கூடவே பைரிடாக்சின் (வைட்டமின் பி6). குடலில் செம்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் துத்தநாக (ஜிங்க்) மாத்திரையில் பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது: 220 மி.கி. ஜிங்க் சல்ஃபேட்டில் இருக்கும் துத்தநாகம் 50 மி.கி.; பெரியவர்களுக்கு அது நாளுக்கு 3 வேளை. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் 20 மி.கி. மாத்திரை இதற்கு ஈடாகாது. உடம்பு தேறிவிட்டது என்று மருந்தை நிறுத்தியவர்களுக்குச் சில மாதங்களிலேயே கல்லீரல் செயலிழந்திருக்கிறது. கர்ப்ப காலத்தில் அளவைக் குறைக்கலாம், நிறுத்தக் கூடாது.

ஒரு பிள்ளைக்கு நோய் உறுதியானால் உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் 4இல் 1 வாய்ப்பு. ஒரு குறையும் தெரியாத தம்பியையும் அன்றே பரிசோதிக்க வேண்டும். அறிகுறி வருமுன் மருந்து தொடங்கினால் அவன் நோயே தெரியாமல் வாழ்ந்துவிடலாம். கல்யாணப் பேச்சு வரும்போதும் இந்தக் கணக்கு தேவைப்படும். நோயுள்ளவர் அந்நியத்தில் மணந்தால் பிள்ளைக்கு நோய் வர ஏறக்குறைய 200இல் 1 வாய்ப்பு. மாமன் மகளை மணந்தால் 8இல் 1. நோயில்லாத அக்காளின் மகளை மணந்தால் 6இல் 1.

குடத்துக்கு வருவோம். ஈயம் பூசாத செம்பிலும் பித்தளையிலும் புளி, மோர், எலுமிச்சைச் சாறு பட்டால் செம்பு கரைந்து இறங்கும். அதற்காகத்தான் பாட்டிமார் ஈயம் பூசக் கொடுத்தார்கள். வில்சன் நோயுள்ள வீட்டில் குடிதண்ணீருக்கும் சமையலுக்கும் எவர்சில்வர் போதும். ஆட்டு ஈரல், முந்திரி, காளான், சாக்லேட் ஆகியவற்றையும் தவிர்க்க வேண்டும். அடுத்த முறை செப்புக் குடத்தின் பெருமையை எழுதும்போது, காரணம் தெரியாத காமாலையோ நடுக்கமோ வந்த பிள்ளை உள்ள வீட்டில் வில்சன் நோய் இல்லையென்று உறுதியாகும் வரை அந்தத் தண்ணீர் வேண்டாம் என்று இரண்டு வரி சேர்த்து வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நரம்பியல் மருத்துவர்கள் இருவர்,
மதுரை