ரோட்டில் நெல் காயாத இரண்டு மணி நேரத்துக்காக

ஊரில் இருக்கிற, ஊரை விட்டுப் பிழைக்கப் போயிருக்கிற அண்ணாச்சிமார், அக்காமார், தம்பி தங்கச்சிகள் எல்லாருக்கும் சைக்கிள் போட்டிக் குழுவின் வணக்கம். பணம் கேட்டுத்தான் எழுதுகிறோம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓணம் முடிந்து வருகிற ஞாயிற்றுக்கிழமை, வழக்கம்போல பண்பொழி - மேக்கரை ரோட்டில் நம் போட்டி. செலவு 90,000 ரூபாய் ஆகும். கையில் இருப்பது 22,000. மீதி 68,000 ரூபாய்க்குத்தான் இத்தனை பெரிய கடிதம்.

இந்த வருஷம் ஏன் இவ்வளவு என்று கேட்பீர்கள். போன வருஷம் இதில் பாதிகூட ஆகவில்லை, உண்மைதான். போன வருஷம் நடந்ததைச் சொன்னால்தான் இந்த வருஷக் கணக்கு புரியும். சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள், ஆனால் ஒவ்வொருவர் வாயிலும் ஒவ்வொரு மாதிரி வந்திருக்கும்.

பதினேழு வயதுக்கு உட்பட்டவர்களின் போட்டி. போகும்போது காற்று எதிரும் குறுக்குமாக அடித்தது. அச்சன்கோவில் மலை இடுக்கிலிருந்து இறங்குகிற காற்றை நமக்குத் தெரியாதா, ஆடி முடிந்தும் அதற்கு மட்டும் ஆடி முடியாது. பையன்கள் வாத்து மாதிரி ஒருவன் பின்னால் ஒருவன் ஒண்டிக்கொண்டு மேக்கரை போய்ச் சேர்ந்தார்கள். திரும்பும்போது அதே காற்று முதுகில் கை வைத்துத் தள்ளியது. ஒன்பது பேர் ஒரே கொத்தாக, சாதா சைக்கிளில் நான் பார்த்தேயிராத வேகத்தில் வருகிறார்கள். வளைவு தாண்டியதும் ரோட்டில் பாதியைக் காணோம். நெல். ராத்திரி தார்ப்பாய் போட்டு மூடி ஓரமாகக் குவித்திருந்ததை, வெயில் ஏறிவிட்டதே என்று பரப்பி, வண்டி ஏறாமலிருக்க வரிசையாகக் கல்லும் தென்னை மட்டையும் வைத்தாயிற்று. முன்னால் வந்தவன் கல்லைப் பார்த்து ஒதுங்கினான். அவன் பின் சக்கரத்தில் அடுத்தவனின் முன் சக்கரம் உரசியது. உரசினால் முன்னால் போகிறவனுக்கு ஒன்றும் ஆகாது, பின்னால் வருகிறவன்தான் விழுவான். அவன் விழுந்தான், அவன்மேல் இன்னும் மூன்று பேர்.

பிளஸ் ஒன் படிக்கிற பையனுக்குக் காறை எலும்பு முறிந்தது. நான் ஓடிப்போய்த் தூக்கும்போது அவன் முழங்கால் சிராய்ப்பில் நாலைந்து நெல்மணி ஒட்டியிருந்தது. அதை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டது இன்னும் என் விரலில் நிற்கிறது. ஆம்புலன்ஸ் ஏற்பாடு இல்லை. காய்கறி ஏற்றுகிற குட்டியானையில் சாக்கை விரித்து, ஆட்டி ஆட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஆறு வாரம் கையைத் தூளியில் போட்டுக்கொண்டு திரிந்தான். இப்போது நன்றாக இருக்கிறான், இந்த வருஷமும் பெயர் கொடுத்துவிட்டான், அவன் அம்மாதான் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

அந்த நெல் யாருடையது என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும், வெளியூரில் இருப்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டு நெல். பரப்பியது என் அம்மா. "இன்றைக்குப் பரப்பாதே" என்று அவளிடம் சொல்ல மறந்தது போட்டிக் குழுச் செயலாளராகிய நான்.

அன்று சாயங்காலமே குழுவில் பேச்சு வந்தது, இனி ரோட்டில் நெல் போடக் கூடாது என்று தண்டோரா போட்டுவிடலாம் என்று. சொல்வது சுலபம். கார் பருவ நெல் அறுவடை தொடங்குகிற நேரம் அது. ஈர நெல் ஒரு நாள் காயாமல் குவிந்து கிடந்தால் உள்ளே சூடேறும், அப்படியே விட்டால் முளை கட்டும், வியாபாரி கையில் அள்ளி மோந்து பார்த்துவிட்டு விலையைக் குறைப்பார். நம் பிள்ளைகள் இரண்டு மணி நேரம் சைக்கிள் விடுவதற்காக ஒரு வீட்டு நெல் வீணாக வேண்டுமா? அதனால் வேறு மாதிரி முடிவு செய்தோம். முந்தின நாள் சாயங்காலமே குழுப் பையன்கள் வீடு வீடாகப் போய் மூட்டை தூக்கிப் பள்ளிக்கூட மைதானத்திலும் கோவில் வெளியிலும் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். அங்கே மண்தரை, அதனால் பெரிய தார்ப்பாய் வேண்டும். இருபது தார்ப்பாய், ஒன்று 900 ரூபாய், ஆக 18,000. போட்டி முடிந்ததும் அவை ஊர்ப் பொதுவில் இருக்கும், மழைக்காலத்தில் யாருக்கு வேண்டுமானாலும் வாங்கிப் போகலாம். சைக்கிள் போட்டிக்கு எதற்கு அண்ணே தார்ப்பாய் என்று கேட்டவருக்கு இதுதான் பதில்.

அடுத்தது ஹெல்மெட், அதுதான் பெரிய தொகை. போன வருஷம் எங்களிடம் இருந்தது பதினொன்று. சின்னப் பையன்கள் ஓட்டி முடித்ததும், வியர்வை சொட்டச் சொட்டக் கழற்றி அடுத்த பிரிவுக்குக் கொடுத்தார்கள். கிடைக்காதவர்கள் அப்பாவின் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு வந்தார்கள், பத்து நிமிஷத்தில் தலை வெந்துபோய் அதையும் கழற்றிக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டார்கள். சைக்கிள் ஹெல்மெட் எடை குறைவு, காற்றோட்டத்துக்கு இடைவெளி இருக்கும், உள்ளே கெட்டியான தெர்மாகோல் மாதிரி ஒன்று இருக்கும். தலைக்கு வருகிற அடியை அது நொறுங்கித் தாங்கிக்கொள்ளும். நொறுங்கியது திரும்ப உப்பாது, அதனால் ஒரு தடவை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டைத் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான். போன வருஷம் விழுந்த பையன்களின் மூன்று ஹெல்மெட் அப்படிப் போயிற்று. பழைய எட்டு இருக்கிறது, புதிதாக நாற்பது வாங்குகிறோம். ஒன்று 1,200 ரூபாய், ஆக 48,000.

நாங்கள் அந்தக் காலத்தில் ஹெல்மெட் போட்டா ஓட்டினோம் என்று சாவடியில் பெரியவர் ஒருத்தர் கேட்டார். நியாயமான கேள்வி, ஏனென்றால் அந்தக் காலத்தில் உலகத்திலேயே பெரிய பந்தயக்காரர்கள்கூட வெறுந்தலையோடுதான் ஓட்டினார்கள். 2003 மார்ச்சில் பிரான்சில் நடந்த பாரிஸ் - நீஸ் பந்தயத்தில் கசகஸ்தான் வீரர் ஆந்த்ரே கிவிலெவ் விழுந்து தலையில் அடிபட்டு இறந்துபோனார். ஹெல்மெட் போட்டிருக்கவில்லை. அதே வருஷம்தான் சர்வதேச சைக்கிள் சங்கம் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. அவர்கள் ஒரு ஆளை இழந்த பிறகு போட்ட விதி, நமக்கு ஒரு காறை எலும்போடு புத்தி வந்தது.

மற்றதெல்லாம் சில்லறை. நர்ஸோடு ஆம்புலன்ஸ் அரை நாளைக்கு 7,500. பையன்களுக்கும் ரோட்டில் நிற்கப் போகிற தொண்டர்களுக்கும் வாழைப்பழம், மோர், காலை இட்லி எல்லாம் சேர்த்து 9,000. நம்பர் துணி, ஊக்கு, விசில், சிவப்புக் கொடி 4,500. பஞ்சர் சாமான், கூடுதல் டியூப் 3,000. கூட்டிப் பாருங்கள், 90,000 வரும். பரிசுத் தொகைக்கு உங்கள் பணத்தில் ஒரு பைசா எடுக்க மாட்டோம், அது குழுக்காரர்கள் சொந்தப் பாக்கெட். கோப்பை இந்த வருஷம் கிடையாது. ஆளுயரக் கோப்பை கொடுத்தால்தான் போட்டிக்கு மரியாதை என்று குழுவிலேயே இரண்டு பேர் இன்னும் முறைத்துக்கொண்டிருக்கிறார்கள், முறைக்கட்டும்.

ஏன் ரோடு முழுசாக வேண்டும் என்பதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வேடிக்கை பார்க்கிறவர்கள் பலர், "என்னல, கூட்ஸ் வண்டி மாதிரி ஒட்டிக்கிட்டே போறானுவ, முந்தத் தெரியலையா" என்று சத்தம் போடுகிறார்கள். ரோடு ரேஸ் என்பதே அப்படித்தான். முன்னால் போகிறவன் காற்றைக் கிழித்துக்கொண்டு போவான், பின்னால் ஒட்டிப் போகிறவனுக்கு நாலில் ஒரு பங்கு உழைப்பாவது மிச்சம். அதனால் மாறி மாறி முன்னால் போவார்கள், கடைசியில்தான் பாய்ச்சல். காற்று நேர் எதிரில் அடித்தால் ஒற்றை வரிசையில் ஒளிந்துகொள்ளலாம். குறுக்கே அடித்தால் ஒளிகிற இடம் நேர் பின்னால் இருக்காது, பக்கவாட்டில் சரிந்து இருக்கும், ஆகவே ரோட்டுக்குக் குறுக்காகச் சாய்வாக விரிவார்கள். ரோடு எவ்வளவு அகலமோ அவ்வளவு பேருக்குத்தான் மறைவு. பாதி ரோட்டில் நெல் கிடந்தால், அல்லது பைக்கில் ஒருத்தர் எதிரே வந்தால், அவ்வளவு பேரும் ஒருத்தன் மேல் ஒருத்தன்.

எதிரே யாரும் வராமல் பார்த்துக்கொள்ளத்தான் தொண்டர்கள். வயல் வரப்பிலிருந்து ரோட்டில் ஏறுகிற வண்டிப்பாதை எத்தனை இருக்கிறதோ அத்தனையிலும் ஒரு ஆள், கையில் கொடி, வாயில் விசில். எண்ணிப் பார்த்தோம், இருபத்தாறு பாதை. பணம் தர வசதியில்லாதவர்கள் அன்று காலை ஆறிலிருந்து எட்டு வரை ஒரு பாதையில் நின்றால் அதுவும் நன்கொடைதான், ரசீதுகூட எழுதித் தருகிறோம்.

ஓணத்துக்குப் பிறகு வைப்பதற்குக் காரணம், ஓணத்துக்கு முந்தின வாரம் காய்கறி லாரியும் பூ வண்டியும் கேரளாவுக்கு விடிய விடிய ஓடும், யாரையும் நிறுத்த முடியாது. அப்புறம், புனலூரிலும் கொல்லத்திலும் கடை வைத்திருக்கிற நம் ஆட்கள் லீவுக்கு ஊரில் இருப்பார்கள். 1956 நவம்பர் வரை செங்கோட்டை திருவிதாங்கூர் - கொச்சி மாநிலத்தில்தானே இருந்தது, இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு ஓணம் ஒன்றும் அடுத்த வீட்டு விசேஷம் இல்லை.

கேரளாவிலிருந்து ஓட்டுகிறவர்களும் வருகிறார்கள். போன வருஷம் நாலு பேர் ஆரியங்காவு கணவாய் வழியாக சைக்கிளிலேயே வந்து, போட்டியும் ஓட்டி, சைக்கிளிலேயே திரும்பிப் போனார்கள். கியர் வண்டிக்காரர்கள் தனிப் பிரிவு, அதில் சண்டை வேண்டாம். நம் பையன்களின் சாதா வண்டியில் முன் பல்சக்கரத்தில் 44 பல், பின்னால் 18. ஒரு மிதிக்கு, அதாவது பெடல் ஒரு முழுச் சுற்றுக்கு, ஐந்தரை மீட்டர் போகும், நிமிஷத்துக்கு எண்பது மிதி மிதித்தாலும் மணிக்கு இருபத்தாறு கிலோமீட்டர்தான் வரும். கியர் வண்டி அதே மிதிக்கு ஏழரை மீட்டர் தாவும். அரசு நடத்துகிற அண்ணா சைக்கிள் போட்டியிலும் சாதாக் கைப்பிடி வண்டிதானே, அதே ஏற்பாடுதான் இங்கும். பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச சைக்கிளோடு வந்தாலும் சேர்த்துக்கொள்வோம். பொம்பளைப் பிள்ளைகள் போன வருஷம் ஐந்து பேர்தான். துப்பட்டாவை இறுக்கி முடிந்துகொண்டு வாருங்கள், சக்கரத்தில் சுற்றினால் ஆபத்து.

விபத்து நடந்த அன்று அந்த நாலு பேரில் மூத்தவர் உடனே கிளம்பவில்லை. டீக்கடை பெஞ்சில் நம் பையன்களை உட்காரவைத்து, முந்நூறு தடவை சொல்லிப் பழகியவர் மாதிரி நிதானமாகச் சொன்னார்: "மோனே, முன்னிலெ டயறு நோக்கண்டா, தோளு நோக்கு." முன்னால் போகிறவன் டயரையே உற்றுப் பார்த்துக்கொண்டு போனால் தூரத்தில் வருவது தெரியாது. அவன் தோளுக்கு மேலே பார்த்தால் கல்லும் தெரியும், நெல்லும் தெரியும். அவரைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம், போட்டிக்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பழக்கிக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். பணம் வேண்டாமாம், மதியம் மீன்குழம்பு போதுமாம்.

நன்கொடையை ஆடிப் பதினெட்டுக்குள் கொடுத்தால் நல்லது, அப்போதுதான் ஹெல்மெட் சொல்லிவைக்க முடியும். ஊரில் இருப்பவர்கள் பொருளாளரிடமோ சாவடியில் ரசீதுப் புத்தகம் வைத்திருப்பவரிடமோ கொடுக்கலாம். வெளியூர்க்காரர்கள் வீட்டில் சொல்லிக் கொடுத்துவிடச் சொல்லுங்கள், பெயரும் தொகையும் வாரா வாரம் சாவடிப் பலகையில் எழுதிவிடுவோம். பெயர் வேண்டாம் என்பவர்கள் சொல்லிவிடுங்கள், "ஊர்க்காரர்" என்று போட்டுக்கொள்கிறோம். நூறு ரூபாயும் வாங்குவோம். மிச்சம் விழுந்தால் அடுத்த வருஷ ஆம்புலன்ஸுக்கு.

பெயர் கொடுத்திருக்கிற பிள்ளைகள் பெற்றோரோடு வந்து டெய்லர் கடையில் தலை அளவு கொடுத்துவிட்டுப் போகவும். புருவத்துக்கு ஒரு விரல் மேலே டேப்பைச் சுற்றி அளக்க வேண்டும், முடியை வெட்டிவிட்டு வந்தால் இன்னும் சரியாக இருக்கும்.

இப்படிக்கு,
போட்டிக் குழுவுக்காக,
நெல் காயப்போட்ட வீட்டுச் செயலாளர்