எந்த ஸ்ரீகாந்த்? தமிழ்ச் செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் நாளிதழ்கள், செய்தித் தொலைக்காட்சிகள், இணையச் செய்தித் தளங்கள் ஆகியவற்றின் மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம்.

2021 அக்டோபர் 12ஆம் தேதி, தொலைக்காட்சித் திரையின் அடியில் ‘நடிகர் ஸ்ரீகாந்த் காலமானார்’ என்ற வரி ஓடியபோது, என் மகள் கையிலிருந்த தட்டை மேசையில் வைத்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாள். 2002இல் வந்த ‘ரோஜாக்கூட்டம்’ படத்தைத் தோழிகளோடு பார்த்த தலைமுறை அவளுடையது. அவளைப் பொறுத்தவரை அந்தப் பெயரில் ஒரே ஒரு நடிகர்தான் உண்டு. சற்று நேரத்தில் ஊரிலிருந்து அண்ணன் அழைத்தார். யாரோ சொல்லக் கேட்டிருக்கிறார் போலும், எடுத்தவுடன், “ஏம்ப்பா, நம்ம சீக்காவா?” என்றார். அவருக்கு ஸ்ரீகாந்த் என்றால் 1983 ஜூன் 25 அன்று லார்ட்ஸ் மைதானத்தில், இரு அணிகளிலும் அன்றைய அதிகபட்சமான 38 ஓட்டங்களை எடுத்த தொடக்க ஆட்டக்காரர்.

மறைந்தவர் இந்த இருவருமல்லர். ஸ்ரீதர் இயக்கத்தில் 1965இல் வெளிவந்த ‘வெண்ணிற ஆடை’யில் ஜெயலலிதாவோடு அறிமுகமாகி, ‘தங்கப்பதக்கம்’ படத்தில் சிவாஜி கணேசனின் தடம்புரண்ட மகனாக நடித்து, ‘பைரவி’யில் ரஜினிகாந்துக்கு வில்லனாக நின்ற மூத்த நடிகர் அவர். ஓடிய அந்த வரியில் பிழை என்று எதையும் சுட்டிக்காட்ட முடியாது. நடிகர் என்பது சரி, ஸ்ரீகாந்த் என்பது சரி, காலமானார் என்பதும் சரி. ஆனாலும் எங்கள் வீட்டில் உயிரோடிருக்கும் இரண்டு பேருக்காக அரை மணி நேரம் துக்கம் காக்கப்பட்டது. உண்மையில் இறந்துபோனவரை நினைக்க யாரும் இல்லை.

நான் நாளிதழ் ஒன்றில் உதவி ஆசிரியராகப் பல ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன். ஆகவே இந்த மடலை வாசகனின் புகாராக மட்டும் கொள்ள வேண்டாம். இதே தவற்றில் பங்கு கொண்டவனின் கோரிக்கையாகவும் படிக்க வேண்டுகிறேன். என் கோரிக்கை சிறியது. ஒரே பெயர் கொண்ட புகழ்பெற்றவர்களைப் பற்றி எழுதும்போது, அவர் யார் என்பது தலைப்பிலோ முதல் வரியிலோ ஐயமின்றித் தெரியும்படி எழுதுவதை உங்கள் அலுவலகத்தின் எழுத்து விதியாகவே ஆக்குங்கள்.

இது தமிழில் மட்டும் கூடுதலாக உறுத்துவதற்குக் காரணம் உண்டு. கிரிக்கெட் வீரர் ஆங்கிலத்தில் தம் பெயரின் நடுவே ஒரு ‘கே’ அதிகமாகப் போட்டு எழுதுகிறார். ஆங்கிலச் செய்தித்தாள் படிப்பவருக்கு அந்த ஒற்றை எழுத்தே அடையாள அட்டை. நம் எழுத்தில் அந்த வேறுபாடு கரைந்துபோகிறது. கிரிக்கெட்டுக்காரரும், இரண்டு தமிழ் நடிகர்களும், ‘பெள்ளி சந்தடி’ புகழ் தெலுங்கு நடிகரும், குண்டூரிலிருந்து வந்த பூப்பந்து (பேட்மிண்டன்) வீரரும் நமக்கு ஒரே ‘ஸ்ரீகாந்த்’தான். போதாததற்கு இசையமைப்பாளர் ஸ்ரீகாந்த் தேவாவும் இருக்கிறார். அவர் தம் தந்தையின் பெயரைப் பின்னால் வைத்துக்கொண்டு நமக்குத் தொல்லை தராமல் ஒதுங்கிக்கொண்டார்.

தலைப்பெழுத்தைச் சேர்த்தால் தீர்ந்துவிடும் என்றுதான் நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். தீராது என்பதை இந்தப் பெயரே எனக்குக் கற்பித்தது. கிரிக்கெட் வீரரின் தலைப்பெழுத்து கிருஷ்ணமாச்சாரியிலிருந்து வருகிறது. பூப்பந்து வீரரின் குடும்பப் பெயர் கிடாம்பி. ஆங்கிலத்தில் இருவரும் ‘கே. ஸ்ரீகாந்த்’. தமிழில் எழுதிப் பாருங்கள், அங்கும் இருவரும் ‘கி. ஸ்ரீகாந்த்’. ஒருவர் 1989இல் பாகிஸ்தான் பயணத்தில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கியவர், பின்னர் தேர்வுக் குழுத் தலைவராகவும் இருந்தவர். மற்றவர் 2017இல் ஒரே ஆண்டில் இந்தோனேசியா, ஆஸ்திரேலியா, டென்மார்க், பிரான்ஸ் ஆகிய நான்கு நாடுகளின் சூப்பர் சீரிஸ் பட்டங்களை வென்று, 2018 ஏப்ரலில் உலகத் தரவரிசையில் முதலிடம் பிடித்தவர். இருவரும் விளையாட்டுப் பக்கத்துக்கே உரியவர்கள் என்பதால், ‘விளையாட்டு வீரர் கே. ஸ்ரீகாந்த்’ என்று எழுதினாலும் பயனில்லை. எந்த விளையாட்டு என்பதைச் சொல்லியே ஆக வேண்டும்.

திரையுலகம் இந்தச் சிக்கலை நமக்கு முன்பே உணர்ந்திருந்தது. ‘ரோஜாக்கூட்டம்’ ஸ்ரீகாந்த் தெலுங்குப் படங்களில் நடிக்கப் போனபோது, அங்கே ஏற்கெனவே ஒரு ஸ்ரீகாந்த் முன்னணியில் இருந்ததால், ‘ஸ்ரீராம்’ என்ற பெயரை ஏற்றுக்கொண்டார். ஆந்திரத்திலிருந்து வரும் செய்தியை அவசரத்தில் மொழிபெயர்க்கும் உதவி ஆசிரியருக்கு இதனால் இரட்டை ஆபத்து ஏற்படுகிறது. ஸ்ரீராம் என்று வந்தால் அவர் நம் ஸ்ரீகாந்த். ஸ்ரீகாந்த் என்று வந்தால் அவர் நம்மவர் அல்லர். இதைத் தெரியாத ஒருவர் இரவுப் பணியில் உட்கார்ந்திருந்தால் என்ன நடக்கும் என்பதை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

என் கண்முன் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நான் வேலை பார்த்த இதழின் பெயர் வேண்டாம். 2010 ஜூலையில் இலங்கையின் காலி நகர மைதானத்தில் முத்தையா முரளிதரன் தம் 800ஆவது டெஸ்ட் விக்கெட்டை எடுத்து ஓய்வு பெற்றார். அவர் பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று பெரிய வழக்கே உண்டு. தமிழில் அந்தத் தொல்லை இல்லை என்று நாங்கள் பெருமைப்பட்டுக்கொண்டோம். ஏழே வாரங்களில், செப்டம்பர் 8ஆம் தேதி, ‘இதயம்’ படத்தின் நாயகன் முரளி மாரடைப்பால் மறைந்தார். மறுநாள் இதழின் உள்பக்கத்தில் அஞ்சலிக் கட்டுரை. பக்க வடிவமைப்பாளர் புதியவர். கணினியின் படத் தொகுப்பில் ‘முரளி’ என்று தேடினார். மேலே வரிசையாக முரளிதரன் பந்து வீசிக்கொண்டிருந்தார். அதையெல்லாம் சரியாகத் தள்ளிவிட்டுக் கீழே வந்தவரின் கண்ணில் ‘முரளி அஞ்சலி’ என்ற பெயரில் ஒரு கோப்பு பட்டது. வேறென்ன வேண்டும்? எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டார்.

அந்தக் கோப்பு முந்தைய ஆண்டு ஆகஸ்டில் மறைந்த மலையாள நடிகர் முரளிக்காகச் சேர்த்து வைக்கப்பட்டது. ‘நெய்த்துகாரன்’ படத்துக்காகத் தேசிய விருது பெற்ற அவர், ‘ஜெமினி’ போன்ற தமிழ்ப் படங்களிலும் நடித்தவர் என்பதால், பக்கத்தைப் புரட்டிப் பார்த்த வேறு இரண்டு பேருக்கும் அது தெரிந்த முகமாகவே பட்டிருக்கிறது. மெய்ப்புத் தாளை நான் கையில் எடுத்தபோது வெளியூர்ப் பதிப்புக் கட்டுகள் வண்டியில் ஏறிவிட்டன. நகரப் பதிப்பில் மாற்றினோம். மறுநாள் வந்த தொலைபேசி அழைப்புகளில் ஒன்று கேரள எல்லையிலிருந்து. கோபப்படாமல், “போன வருடமே இவருக்கு நாங்கள் அழுதாகிவிட்டதே, சார்” என்றார் அந்த வாசகர். அந்தப் பணிவு, வசவைவிட மோசமாக இருந்தது.

தவறு வடிவமைப்பாளருடையது அல்ல என்பது அன்றும் இன்றும் என் கருத்து. கணினி வருவதற்கு முன், எங்கள் நூலகத்தில் படங்கள் காக்கி உறைகளில் இருந்தன. உறையின் மேல் மூலையில் பெயர், அதற்குக் கீழே சிவப்பு மையில் துறை, அதற்கும் கீழே அவரை அடையாளம் காட்டும் ஒரு படமோ ஆட்டமோ. ‘பாலசந்தர், வீணை, அந்த நாள்’ என்று ஓர் உறை. ‘பாலசந்தர், இயக்குநர், நீர்க்குமிழி’ என்று மற்றொன்று. பூச்சி அரித்த அந்த உறைகளில் இருந்த ஒழுங்கு, அவற்றைக் கணினிக்கு மாற்றியபோது யாருக்கும் தேவையற்றதாகத் தோன்றிவிட்டது. ஒற்றைப் பெயரோடு ஏற்றிவிட்டார்கள்.

தமிழ் மக்களோ இதற்கான தீர்வைத் தாமே கண்டுபிடித்து நெடுங்காலமாக நடைமுறையில் வைத்திருக்கிறார்கள். நாடகத்தில் ஏற்ற வேடத்தால் ஒரு கணேசன் சிவாஜியானார். வேலை பார்த்த ஸ்டுடியோவால் ஒரு கணேசன் ஜெமினியானார். இருந்துவிட்டு வந்த ஊரால் ஒரு கணேஷ் டெல்லியானார். 2024 நவம்பரில் டெல்லி கணேஷ் மறைந்தபோது தமிழ்நாட்டில் ஒரு வீட்டில்கூட ‘எந்த கணேஷ்?’ என்ற கேள்வி எழுந்திருக்காது. எஸ். ஜானகி பாடகி, வி. என். ஜானகி நடிகையாக இருந்து முதலமைச்சரானவர், சௌகார் ஜானகி தம் முதல் படத்தின் பெயரைச் சுமந்தவர். மூவரையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. நிழல்கள் ரவி, தலைவாசல் விஜய் என்று இந்த வரிசை நீளும். ‘வெண்ணிற ஆடை’ என்ற அடைமொழி மூர்த்திக்கும் நிர்மலாவுக்கும் ஒட்டிக்கொண்டது. அதே படத்தில் அறிமுகமான ஸ்ரீகாந்துக்கு அது நிலைக்கவில்லை. அன்றைக்குத் திரையில் வேறு ஸ்ரீகாந்த் இல்லாததால் தேவைப்படவில்லை போலும். அந்தக் குறையின் விலையைத்தான் அவர் இறந்த நாளில் கொடுத்தார்.

அடைமொழி எல்லாருக்கும் பிடித்தமானது அல்ல என்பதையும் அறிவேன். 2025 ஜனவரியில் ஜெயம் ரவி தம்மை இனி ரவி மோகன் என்று அழைக்கும்படி கேட்டுக்கொண்டார். ஒருவர் தம் பெயரை எப்படி வேண்டுகிறாரோ அப்படியே எழுதுவதுதான் முறை. அதே வேளையில், புதிய பெயர் வாசகருக்குப் பழகும்வரை பழைய பெயரை ஒருமுறை உடன் குறிப்பிடுவது அவருக்கு மரியாதைக் குறைவு ஆகாது. சில ஆண்டுகள் கழித்து அதை விட்டுவிடலாம்.

இன்னொரு கேட்டையும் சொல்லாமல் விட முடியவில்லை. வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்கள் நம் ஆட்களின் தந்தை பெயரை அவர்களுடைய பெயராக எண்ணிக்கொள்கின்றன. சதுரங்க உலகம் ஆனந்தை ‘விஷி’ என்று கொஞ்சுகிறது. அது அவர் தந்தை விஸ்வநாதனின் பெயர். அதற்கு முன்பே கிரிக்கெட்டில் ஜி. ஆர். விஸ்வநாத்துக்கு அந்தச் செல்லப் பெயர் உரியதாயிருந்தது. அஸ்வினின் தந்தை பெயர் ரவிச்சந்திரன். இந்தச் செய்திகளை அப்படியே தமிழாக்கி, இரண்டாம் பத்தியில் ‘ரவிச்சந்திரன் வீசிய பந்து’ என்று எழுதினால், என் வயதுக்காரர்களுக்கு ‘காதலிக்க நேரமில்லை’ நாயகன்தான் நினைவுக்கு வருவார். பூப்பந்துச் செய்தியில் ‘கிடாம்பி வென்றார்’ என்று எழுதுவதும் இப்படித்தான். ஆங்கிலத்தாருக்குத் தெரியாதது மன்னிக்கத்தக்கது. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுப் பழகிய நமக்கும் அது தெரியவில்லை என்றால் எப்படி?

தலைப்பில் இடமில்லை என்பீர்கள். ‘மூத்த நடிகர் ஸ்ரீகாந்த்’ என்பதில் கூடுதலாக இருப்பது ஒரே ஒரு சொல். அதுவும் போதாது, ‘வெண்ணிற ஆடை ஸ்ரீகாந்த்’ என்றே போடலாம். ‘பிரபல’ என்ற சொல்லை நீக்கினால் அதற்குப் பாதி இடம் கிடைத்துவிடும். எவரைப் பற்றியும் எதையும் சொல்லாத அந்தச் சொல்லுக்கு எல்லா நாளிலும் இடம் இருக்கிறதே! இணையத்தில் வேண்டுமென்றே பெயரை மறைத்து, ‘பிரபல நடிகர் மரணம், திரையுலகினர் அதிர்ச்சி’ என்று சொடுக்க வைப்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை. அது அறியாமையால் நேர்வது அல்ல. தெரியாமல் குழப்புகிறவர்களிடம் மட்டுமே இந்த வேண்டுகோளை வைக்கிறேன். மரணம், விபத்து, வழக்கு, கைது ஆகிய நான்கு வகைச் செய்திகளிலாவது, பெயரோடு துறையும் ஓர் அடையாளமும் இல்லாமல் எந்த வரியும் திரைக்குப் போகக் கூடாது என்று செய்திப் பிரிவுச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். வழக்குச் செய்தியில் தவறான படம் வந்துவிட்டால், அந்த மனிதர் எத்தனை மறுப்பு வெளியிட்டாலும் படம் கைப்பேசிகளில் சுற்றிக்கொண்டேயிருக்கும். படத் தொகுப்பைப் பொறுத்தவரை, ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் துறையையும் அறிமுகமான ஆண்டையும் சேர்க்க ஓர் ஆளை ஒரு மாதம் உட்கார வைத்தாலே போதும்.

அந்த வேலையைத் தொடங்குகிறவருக்கு உதவியாக, நானே ஒரு நோட்டுப் புத்தகத்தில் பெயர் வாரியாகக் குறித்து வைத்திருக்கிறேன். ஸ்ரீகாந்த், முரளி, கார்த்திக், ரவி, பாலாஜி, ஜானகி எல்லாம் முடிந்துவிட்டன. கேட்கும் அலுவலகத்துக்குக் கட்டணமின்றிப் படியெடுத்து அனுப்புவேன். ‘விஜய்’ மட்டும் பாக்கி. நடிகர், தலைவாசல், சேதுபதி, ஆண்டனி, யேசுதாஸ், இயக்குநர் ஏ. எல்., கிரிக்கெட்டில் முரளியோடு ஒருவர், சங்கரோடு ஒருவர் என்று எழுதி, டென்னிஸ் அமிர்தராஜிடம் வந்து நிற்கிறேன். அவர் 1983இல் ஜேம்ஸ் பாண்ட் படத்தில், விஜய் என்ற பெயருள்ள பாத்திரத்திலேயே நடித்தும் வைத்திருக்கிறார். அவரை விளையாட்டில் சேர்ப்பதா, திரையில் சேர்ப்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உதவி ஆசிரியர் ஒருவர்